சீட்டில் கையெழுத்து, மாதக் கடைசியில் வெள்ளி

சிங்கப்பூரின் ராபின்சன் ரோட்டுக்கும் ராபின்சன்ஸ் கடைக்கும் சம்பந்தம் கிடையாது. சாலைக்குப் பேர் வந்தது ஆளுநர் வில்லியம் ராபின்சனால். 1858-இல் ஸ்பைசரோடு கூட்டுச் சேர்ந்து கடை போட்ட பிலிப் ராபின்சன் வேறு ஆள். அதற்கும் பத்தாண்டுக்கு மேல் முந்தியது ஜான் லிட்டில் கடை. தொடக்கத்தில் அதன் பேர் லிட்டில், கர்செட்ஜி கம்பெனி; கர்செட்ஜி ஒரு பார்சி. வெள்ளைக்காரன் கடை என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்தப் பேர் விட்டுப்போகிறது.

அந்தக் காலத்தில் இந்தக் கடைகளுக்குத் துரைமார் கையில் காசு கொண்டுபோவது அபூர்வம். காரணம் எடைதான். அப்போது இங்கே புழங்கிய மெக்சிகோ வெள்ளி நாணயம் (டாலர்) ஒன்று ஏறக்குறைய 27 கிராம். நூறு வெள்ளி என்றால் 2.7 கிலோ! அதனால் வாங்கிய சாமானையும் விலையையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். குமாஸ்தா அவற்றைப் பேர்வாரியாகச் சேர்த்து மாதக் கடைசியில் பில் போடுவார். வசூலுக்குப் போகிறவர் சராப்பு.

கோளாறு இரண்டு இடத்தில். துரை மாற்றலாகிக் கப்பலேறிவிட்டால் சீட்டு வெறும் காகிதம். இன்னொன்று நாணயத்திலேயே இருந்தது. கடைக்காரர் லண்டனில் பவுனில், அதாவது பிரிட்டிஷ் பணத்தில் (ஒரு பவுன் 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்), கொள்முதல் செய்து இங்கே வெள்ளியில் விற்றார். 1870-களின் தொடக்கத்தில் நான்கு ஷில்லிங்குக்கு மேல் போன ஒரு வெள்ளி, 1902 வாக்கில் இரண்டு ஷில்லிங்குக்கும் கீழே இறங்கியது. ஐந்து வெள்ளிக்குள் அடங்கிய ஒரு பவுன் சரக்கு, பத்து வெள்ளியைத் தாண்டியது. வெள்ளி இறங்குமுகமாக இருந்த மாதங்களில் கடனுக்கு விற்றவருக்கு, வசூல் ஆகும்போது லாபம் கரைந்திருக்கும். 1906-இல் அரசாங்கம் ஒரு வெள்ளியை 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று கட்டிப்போட்டது. ஒரு பவுனுக்கு 8 வெள்ளி 57 காசு. அதன் பிறகுதான் விலைப்பட்டியலை நம்பி அச்சடிக்க முடிந்தது. நோட்டும் அட்டையும் வந்த பிறகும் நம் ஊரில் டாலர் ‘வெள்ளி’யாகவே நின்றுவிட்டது.

கடனே வேண்டாம் என்று வந்தது கல்கத்தாவில் 1882-இல் தொடங்கிய வைட்அவே லெய்ட்லா கடை. ரொக்கம் மட்டும். ஆங்கிலேயர்களே அதன் பேரைத் திரித்து, ‘உடனே எடு, காசைக் கொடு’ என்ற பொருளில் கேலி செய்தார்கள்.

கடன் நம் மளிகைக்கடைக்கும் புதிதல்ல. அங்கே 555 நோட்டு. பற்று எழுதிய அந்தச் சின்ன நோட்டை வாடிக்கையாளரும் பார்த்துச் சரிசெய்ய முடிந்தது. துரைமார் சீட்டோ கடையிலேயே தங்கிவிடும். மாதக் கடைசியில் தகராறு வர அது போதும்.

ஜான் லிட்டிலை 1955-இல் ராபின்சன்ஸ் வாங்கியது. ராபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி ரயில் நிலைய நுழைவாயில் ஜான் லிட்டிலின் பழைய கட்டட முகப்பின் நகல்தான். உள்ளே நுழைந்தால் மின்படி கீழே இறங்குகிறது.