நரசிங்கம்பேட்டை: நூலிலும் மெழுகிலும் நிற்கும் சுருதி

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பேருந்தில் ஆடுதுறை தாண்டியதும் இறங்கத் தயாராகிவிடுங்கள். நரசிங்கம்பேட்டை சின்ன ஊர்தான். நாதஸ்வரம் கடையும் பட்டறைகள் வீட்டோடு ஒட்டியே இருக்கும். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஊர்ப்பெயர் வெளியே பரவியது. வாசிப்பவர்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும்.

பட்டறையில் முதலில் மரத்தைப் பாருங்கள். ஆச்சா மரம், அதிலும் பழைய வீடு இடிக்கும்போது வரும் உத்தரம், தூண் என்றால் விசேஷம். புது மரத்தில் ஈரம் இருக்கும். கடைந்து முடித்தபின் அது காயக் காயக் குழல் கோணும், வெடிக்கும், உள்துளையின் அளவும் மாறிவிடும். உத்தரமாகப் பல பத்தாண்டு கிடந்த கட்டை, கோணுவதாக இருந்தால் அப்போதே கோணியிருக்கும்.

குழலுக்கு உலவு என்று பெயர். அடியில் செருகும் விரிந்த வாய் அணசு. உலவின் உள்துளை மேலே குறுகி, கீழே போகப்போக விரியும். வெளிக்கடைசல் பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து மயங்க வேண்டாம். உள்விரிவு ஓரிடத்தில் தவறினால், விரல் துளைகளை எப்படித் திருத்தினாலும் ஏதாவது ஒரு சுரம் முரண்டு பிடிக்கும். திமிரி என்னும் குட்டையான பழைய நாதஸ்வரத்தில் சுத்த மத்திமம் என்ற சுரம் அப்படித்தான் படுத்தியது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் இவ்வூர் ரங்கநாத ஆசாரி நீளத்தையும் துளைகளையும் மாற்றிச் செய்த பாரி நாயனம் என்ற நாதஸ்வரம்தான் அந்தச் சிக்கலைத் தீர்த்தது. இன்று கச்சேரியில் கேட்பது பெரும்பாலும் பாரிதான்.

விரல் துளை ஏழு. அதற்குக் கீழே இன்னும் ஐந்து உண்டு. அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அவை மெழுகு வைக்கும் துளைகள். மெழுகால் அடைத்தால் சுருதி இறங்கும், சுரண்டி எடுத்தால் ஏறும். கடுகளவு கடுகளவாகத்தான் செய்ய வேண்டும். மேடையில் எந்தக் கருவியும் கேட்காமல் நகத்தாலேயே முடிகிற காரியம். ஆனால் வாத்தியத்தை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் மெழுகு இளகி வழிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து.

அருகிலேயே திருவாவடுதுறை. ஊதுவதற்காக நாதஸ்வரத்தின் வாயில் மாட்டும் நாணல் சீவாளிக்குப் பேர்போன ஊர். நாணல் தட்டையைக் காயவைத்து, நெல் அவிக்கும் பானையில் சேர்த்து வேகவைத்து, மறுபடி உலர்த்தி, தட்டையாக அமுக்கி, நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். வேகாத தட்டை அமுக்கும்போதே கீறிவிடும். கீறலை எச்சிலும் மூச்சும் பெரிதாக்கும். அந்தச் சீவாளியைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

சீவாளியைக் கெண்டை என்னும் சின்ன உலோகக் குழாயில் மாட்டி, கெண்டையை உலவின் வாயில் செருக வேண்டும். உள்ளே தள்ளினால் சுருதி கூடும், வெளியே இழுத்தால் குறையும். இணைப்பில் நூல் சுற்றுவது காற்றுக் கசியாமல் இருக்க. ஊதும்போது "புஸ்" என்று சத்தம் வந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு சுற்று நூல் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.

காய்ந்த சீவாளி பேசாது, வாயில் வைத்து ஊறவிட வேண்டும். சீவாளியின் இரு உதடுகளும் ஒட்டிக்கொண்டால் கீச்சென்று கத்தும் அல்லது அடைத்துவிடும். ஊசியை உள்ளே விட்டு லேசாக விரிக்கலாம். அதிகம் பிளந்திருந்தால் மூச்சைத் தின்னும், சுருதியும் தொங்கும். விரலால் நசுக்கி நூலை இறுக்குவார்கள். வாத்தியத்தில் கொத்தாகத் தொங்கும் சீவாளிகளும் ஊசியும் இதற்குத்தான்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் எத்தனை கட்டை, அதாவது எந்தச் சுருதி, என்பதை முடிவுசெய்துகொள்ளுங்கள். பாரியில் இரண்டு, இரண்டரைக் கட்டை வழக்கம். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும், அவர் வழக்கமாக ஊதும் சீவாளியையும் கெண்டையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பட்டறைச் சீவாளியில் நன்றாக நின்ற சுருதி, வீட்டில் வேறொன்றை மாட்டினால் நகரும்.