ரேப்பிட் சிட்டியில் மின்னலைப் பின்தொடர்தல்

ஜூன் 14

தெற்கு டகோட்டாவின் ரேப்பிட் சிட்டி நகரை இரண்டாகப் பிரிக்கும் மலைமுகட்டில் ஒளிபரப்புக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன. மின்னல் ஆய்வாளர்களான டாம் வார்னரும் பிரேசிலின் மார்செலோ சாபாவும், கோபுர உச்சியிலிருந்து மேல்நோக்கி ஏறும் மின்னலை ஆராய்ந்தது இக்கோபுரங்களை வைத்துத்தான். இன்று மாலை எங்கள் கேமராவை அவற்றை நோக்கித் திருப்பி, நொடிக்கு 10,000 சட்டகம் (தனித்தனிப் படம்) என்ற வேகத்தில் அமைத்தோம். வேகத்தை உயர்த்தினால் படத்தின் பரப்பு சுருங்கிவிடும் என்பதால், கோபுர உச்சியும் மேகத்தின் அடியும் ஒரே படத்தில் அடங்கும் எல்லையில் நின்றுகொண்டோம். கேமரா தன் நினைவகத்தில் கடைசி ஓரிரு நொடிகளை ஓயாமல் எழுதி அழித்துக்கொண்டே இருப்பதால், மின்னலைக் கண்ட பிறகு பொத்தானை அழுத்தினாலும் அதற்கு முன் நடந்தது நமக்குக் கிடைத்துவிடும்.

ஜூன் 17

மேகத்திலிருந்து தரையில் இறங்கிய ஒரு மின்னல் முழுமையாகப் பதிவாகியிருக்கிறது. மின்னலுக்கு முன்னே வழி திறந்து செல்லும் மின்பாதையான முன்னோடியின், எதிர்மின்னேற்றம் கொண்ட கிளைகள் நொடிக்கு ஏறத்தாழ 200 கி.மீ. வேகத்தில், விட்டுவிட்டுத் தாவும் படிகளாக, மங்கலாக இறங்குகின்றன. மேகத்தின் 4 கி.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொட அவற்றுக்கு 20 மில்லி நொடி பிடிக்கும். அது நம் கணக்கில் 200 சட்டகங்கள். அக்கிளைகளில் ஒன்று தரையோடு இணைந்ததும் ஒளிவேகத்தின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் அதே பாதையில் மேலேறும் மீள்வீச்சோ ஒரே சட்டகத்துக்குள் முடிந்து, அந்தச் சட்டகத்தை முழுவதும் வெளுக்கச் செய்துவிடுகிறது. நாம் காலங்காலமாக மின்னல் என்று கண்டு வியந்தது அந்த ஒற்றைச் சட்டகத்தைத்தான். ஆனால் மின்னல் எவ்வழி செல்வது என்பது முடிவாவது அதற்கு முந்தைய இருநூறில். எனவே புகைப்படங்களில் நாம் போற்றும் பேரொளியே ஆய்வாளருக்கு மிகக் குறைவாகச் சொல்லும் பகுதி என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

ஜூன் 18

தென்னாப்பிரிக்காவில் இயற்பியலாளர் ஷோன்லாண்டும் அவருடைய கூட்டாளிகளும் 1930-களில், பாய்ஸ் வடிவமைத்த சுழலும் வில்லைக் கேமராவைக் கொண்டே முன்னோடி விட்டுவிட்டு இறங்கும் இந்தப் படிகளைக் கண்டறிந்தார்கள். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் இடையே சில பத்து மைக்ரோ நொடிகளே இருப்பதால், 100 மைக்ரோ நொடிக்கு ஒன்றாக எடுக்கும் நம் சட்டகத்தில் பல படிகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அவர்களின் கருவியை நினைக்கும்போது மதிப்பு கூடுகிறது.

ஜூன் 23

எதிர்பார்த்த மேலேறும் மின்னல் வந்தது. புயலின் முன்முகம் நகரைக் கடந்துபோய், பின்னால் பரந்த மழைமேகம் மட்டும் எஞ்சியிருந்தபோது, தொலைவில் நேர்மின்னேற்ற மின்னல் ஒன்று தரையில் இறங்கியது. உடனே ஒரு கோபுர உச்சியிலிருந்து நேர்மின் முன்னோடி மேலே கிளம்பியது. மின்புலம் மெதுவாக உயரும்போது, உச்சியிலிருந்து கசியும் மின்னேற்றமே கோபுரத்துக்குக் கவசமாகி முன்னோடி பிறக்காமல் தடுக்கிறது. அருகிலுள்ள மின்னல் அந்தப் புலத்தைத் திடீரென மாற்றும்போது கவசம் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது.

மேலேறிய முன்னோடி பல கிளைகளாகப் பிரிந்தது. அணைந்துவிட்டதாகத் தோன்றிய கிளைகளில் சட்டென்று ஒளிக்கீற்றுகள் தோன்றி, வந்த வழியே பின்னோக்கி ஓடித் தாய்ப் பாதையோடு சேர்ந்தன. பின்னோட்ட முன்னோடிகள் எனப்படும் இவை, எதிர்மின் முன்னோடியின் கிளைகளில் இப்படிக் காணப்படுவதில்லை. பலமுறை திரும்ப ஓட்டிப் பார்த்தும் அலுக்கவில்லை.

ஜூன் 24

மின்னேற்றம் நேரா எதிரா என்பதைப் படம் மட்டும் சொல்லாது. மின்புல அளவியின் பதிவை ஜி.பி.எஸ். நேரத்தின்படி ஒவ்வொரு சட்டகத்தோடும் பொருத்தும் வேலை இன்று தொடங்கியது. பிரேசிலின் சான் ஜோசே டோஸ் காம்போஸில் சாபாவின் குழு நொடிக்கு 40,000 சட்டகம் எடுத்து, இறங்கிவரும் ஒரே மின்னலை எதிர்கொள்ள இடிதாங்கிகளிலிருந்தும் கட்டட உச்சிகளிலிருந்தும் 31 மின்பாய்வுகள் போட்டியிட்டு மேலெழுந்ததைக் காட்டியது. அந்த வேகத்துக்கு நாமும் மாறினால் மேகம் படத்திலிருந்து விலகிவிடும். அடுத்த புயலுக்கு இரண்டாவது கேமராவைக் கோபுர உச்சிக்கு மட்டும் ஒதுக்கி, இப்போதுள்ளதை அப்படியே வைத்திருப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.