பங்குக் கிணற்று வழிப் பிணக்கு மத்தியஸ்த சபையில் தீர்ந்த விதம்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு பங்குக் கிணறு. எல்லார் காணி உறுதியிலும் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும் உண்டு. வழி எத்தனை அடி அகலம் என்பது எதிலும் இல்லை. 1995 போர் இடப்பெயர்வுக்குப் பிறகுதான் அது பிரச்சினையானது. வேலியும் கதியாலும் அழிந்துபோயிருந்தன. 1996இல் முதலில் திரும்பியவர்கள் தங்களுக்குச் சரியென்று பட்ட இடத்தில் தகரம் அடித்தார்கள். வன்னிக்குப் போய்ப் பிந்தி வந்த எங்களுக்கு வழி ஒடுங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒழுங்கையே இரண்டு பக்கம். செத்தவீட்டுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை.

பொலிஸ், கிராம சேவையாளர் என்று எல்லாம் பார்த்தாயிற்று. கோட்டுக்கு (நீதிமன்றத்துக்கு) போவோம் என்று சித்தப்பா நின்றார். நான் மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தேன். பிணக்குகளைப் பேசித் தீர்க்க, இலங்கையின் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த சபை அது. சட்டத்தரணி வர முடியாது. இரு தரப்பும் ஆளுக்கொரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் மூன்றாமவரைச் சேர்ப்பார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. "அப்ப என்னத்துக்குப் போறது?" என்று சித்தப்பா கேட்டார்.

முதல் அமர்வு முழுக்கச் சத்தம்தான். அடுத்ததில், மத்தியஸ்தர்களில் ஒருவரான ஓய்வுபெற்ற ஆசிரியை, "வழியைக் கொஞ்சம் விடுங்கோ. திரும்பி வந்த நேரம் கிணறு எப்பிடி இருந்தது?" என்று கேட்டார். எதிர்ப்பக்கத்து மாமி பேசத் தொடங்கினார். உள்ளே என்ன கிடக்கிறதோ என்ற பயத்தோடு கலக்கி இறைத்தது, கட்டு இடிந்ததைத் தங்கள் காசில் கட்டியது. "ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கேல்லை, தம்பி" என்று சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். வன்னியில் இருந்த காலத்தைச் சித்தப்பாவும் அன்றுதான் அவர்கள் முன்னால் சொன்னார். கோட்டில் இதையெல்லாம் யார் கேட்டிருப்பார்கள்? உறுதியைத்தான் கேட்டிருப்பார்கள்.

அப்புறம் மத்தியஸ்தர்கள் நேரில் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் போகும் அளவுக்கு வழி. தகரம் கிணற்றடியில் மட்டும் பின்னுக்குப் போகும். நடுவில் நின்ற தென்னையை வெட்டுவதில்லை, தேங்காய் மாமி வீட்டுக்கே. கட்டு திருத்திய செலவில் எங்கள் பங்கைக் கொடுப்பது. எல்லாம் எழுதிக் கையெழுத்தானது. ஒரு வீட்டார் மட்டும் கடைசிவரை ஒப்பமிடவில்லை. சபை அவர்களை வற்புறுத்தவும் இல்லை, அது சரிதான் என்று நினைக்கிறேன்.

இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணிக்கு இந்த வழி உதவாது. எதிர்த்தரப்பும் சமமாக வந்து உட்கார வேண்டுமே. அயலுக்குள் ஊறிப்போன பகைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. போகிறவர்கள் உறுதியோடு பழைய நில அளவைப் படத்தையும் எடுத்துப் போங்கள். வயது போனவர்களைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். வெளிநாட்டுப் பிள்ளை தொலைபேசியில் சொல்லும் நியாயத்தைவிட, கிணற்றை இறைத்தவரின் வாய்ச்சொல்லுக்குத்தான் அங்கே பெறுமதி.