அப்டேட் போட்டதும் முளைக்கும் ஆப்கள்: எங்கிருந்து வருகின்றன, எப்படி நீக்குவது

ஆண்ட்ராய்டு போனில் பெரிய அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் ஆனதும் ஹோம் ஸ்கிரீனில் நாம் வைக்காத ஐகான்கள் நிற்கும். ஒரு சீட்டாட்டம், ஒரு ஷாப்பிங் ஆப், கடன் தருகிறேன் என்று ஒன்று. அழுத்திப் பிடித்தால் சில போய்விடும், சில ‘டிசேபிள்’ மட்டும் காட்டும், சில அதைக்கூடக் காட்டாது. போனவையும் அடுத்த வாரம் திரும்பி வரலாம். கோரைப்புல்லை மேலாகப் பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் இருந்து மறுபடி முளைக்குமே, அதே கதைதான். இங்கே கிழங்கு எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

போனின் சேமிப்பிடம் ஒரே துண்டு அல்ல. நாம் நிறுவும் ஆப்கள் ஒரு பகுதியில் இருக்கும். கம்பெனி போட்டு அனுப்பும் ஆப்கள் படிக்க மட்டும் முடிகிற சிஸ்டம் பகுதியில் இருக்கும். அப்டேட் வரும்போது இந்தச் சிஸ்டம் பகுதி புதிதாக எழுதப்படுகிறது. அதன்பின் முதல் முறை போன் ஆன் ஆகும்போது, உள்ளே என்னென்ன ஆப்கள் இருக்கின்றன என்று ஆண்ட்ராய்டு மறுபடி கணக்கெடுக்கும். ‘இந்தப் பயனர் இதை நீக்கிவிட்டார்’ என்ற பழைய குறிப்பு இருந்தால் பெரும்பாலும் மதிக்கும். ஆனால் அந்தக் குறிப்பு, நம் கண்ணில் படாத ஆப்பின் உள்பெயரை வைத்து எழுதப்பட்டது. கம்பெனி அந்தப் பெயரை மாற்றினாலோ, இரண்டு ஆப்களை ஒன்றாக்கி வேறு பெயரில் தந்தாலோ, ஆண்ட்ராய்டின் கணக்கில் அது புத்தம்புது ஆப். ஐகான் அதே, வெளியில் தெரியும் பெயரும் அதே, ஆனால் திரும்பி வந்திருக்கும்.

இதைவிடத் தொல்லை, வேறு ஆப்களை இறக்கி நிறுவுவதையே தொழிலாகக் கொண்ட ஆப்கள். பல போன்களில் ஃபேஸ்புக்கை அழித்த பிறகும் ‘ஃபேஸ்புக் ஆப் மேனேஜர்’, ‘ஃபேஸ்புக் ஆப் இன்ஸ்டாலர்’, ‘ஃபேஸ்புக் சர்வீசஸ்’ என்று மூன்று ஐகான் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். சாம்சங்கின் ஏ, எம், எஃப் வரிசைகளில் ‘ஆப்கிளவுட்’ என்று ஒன்று, ஷாவ்மியில் ‘கெட்ஆப்ஸ்’, ஓப்போ, ரியல்மியில் ‘ஆப் மார்க்கெட்’. விளையாட்டு ஆப்பை மட்டும் அழித்துவிட்டு இவற்றை விட்டுவைத்தால் அழித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

(அப்டேட் வழியாக ஆப்பைத் தள்ளும் ஆசை கம்பெனிகளுக்கு மட்டும் உரியதல்ல. அரசின் ‘சஞ்சார் சாத்தி’ ஆப்பைப் புதுப் போன்களில் முன்கூட்டியே போட வேண்டும், ஏற்கெனவே தயாரான போன்களுக்கு அப்டேட் வழியாக அனுப்ப வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று உத்தரவிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது.)

முதல் தடுப்பு, அப்டேட் முடிந்து வரும் அந்த ‘அடுத்து, அடுத்து’ பக்கங்களிலேயே இருக்கிறது. பரிந்துரைக்கப்பட்ட ஆப்கள் என்று ஒரு பட்டியல் வந்தால், கட்டங்களில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு மேலே போங்கள். லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு படம் காட்டுகிறேன் என்று ‘கிளான்ஸ்’ சம்மதம் கேட்டால் ‘ஸ்கிப்’. பிறகு ‘செட்டப்பை முடியுங்கள்’ என்று நோட்டிஃபிகேஷன் வந்து நச்சரிக்கும். அதைத் தொட வேண்டாம். அழுத்திப் பிடித்தால் எந்த ஆப் அனுப்பியது என்று காட்டும். அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அடுத்து செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியல். சாம்சங்கில் ‘யுவர் ஆப்ஸ்’ பக்கத்திலுள்ள ஃபில்டர் குறியைத் தொட்டு ‘ஷோ சிஸ்டம் ஆப்ஸ்’ என்பதை ஆன் செய்தால்தான் மறைந்திருப்பவை தெரியும். ‘அன்இன்ஸ்டால்’ இருந்தால் அது சாதாரண ஆப், யோசிக்காமல் அழிக்கலாம். இல்லையென்றால் ‘டிசேபிள்’. டிசேபிள் செய்யும்போது பழைய ஃபேக்டரி பதிப்புக்கு மாற்றவா என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள். பிளே ஸ்டோர் வழியாக அதன்மேல் ஏறிய அப்டேட்டுகளின் இடம் அப்போதுதான் திரும்பக் கிடைக்கும். சிஸ்டம் பகுதியில் இருக்கும் மூலப் பிரதி எப்படியும் போகாது. ஆகவே 64 ஜிபி போனில் இடம் பிடிக்கத்தான் இதைச் செய்கிறீர்கள் என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கிடைப்பது நிம்மதி: நோட்டிஃபிகேஷன், டேட்டா, பேட்டரி.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை. விளம்பரங்களை அனுப்பும் ‘எம்எஸ்ஏ’ என்ற ஆப்பின் அனுமதியை ரத்து செய்ய வேண்டும். செட்டிங்ஸில் பாஸ்வேர்டு, செக்யூரிட்டி பகுதிக்குள் ‘ஆத்தரைசேஷன் அண்ட் ரெவொகேஷன்’ என்று இருக்கும். இணையம் ஆனில் இருக்க வேண்டும். எம்எஸ்ஏ சுவிட்சை அணைத்தால் 10 விநாடி எண்ணிவிட்டு, பெரும்பாலும் முதல் முறை ‘முடியவில்லை’ என்று சொல்லும். விடாதீர்கள். மூன்று, நான்கு தரம் அழுத்தினால் அணையும். பெரிய அப்டேட் ஒவ்வொன்றுக்குப் பிறகும் இதைப் போய்ப் பாருங்கள்.

டிசேபிள் பொத்தானே மங்கிக் கிடக்கும் ஆப்களுக்குத்தான் அடுத்த வழி. ரூட் செய்ய வேண்டாம் (அதாவது போனின் சிஸ்டம் பூட்டை உடைக்க வேண்டாம்), கம்ப்யூட்டரும் வேண்டாம். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். பிளே ஸ்டோரிலிருந்து ‘ஷிசுக்கு’, எஃப்-டிராய்டு என்ற இன்னொரு ஆப் ஸ்டோரிலிருந்து ‘கான்ட்டா’, இந்த இரண்டும் தேவை. முந்தையது அனுமதியை வாங்கித் தரும், பிந்தையது நீக்கும். சாம்சங்கில் ‘ஆட்டோ பிளாக்கர்’ ஆனில் இருந்தால் வெளியிலிருந்து ஆப் நிறுவ விடாது. செக்யூரிட்டி பகுதியில் அதை முதலில் அணைக்க வேண்டும்.

ஆப் எழுதுபவர்களுக்கென மறைத்து வைத்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க, அபவுட் போன் பகுதியில் ‘பில்ட் நம்பர்’ மேல் 7 முறை தட்ட வேண்டும். சாம்சங்கில் அது ‘சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்’ உள்ளே. ஷாவ்மியில் பில்ட் நம்பருக்குப் பதில் ஓஎஸ் வெர்ஷன் மேல். வைஃபையில் இணைந்த நிலையில், டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் ‘வயர்லெஸ் டிபக்கிங்’ (கேபிள் இல்லாமல் போனுக்குக் கட்டளை அனுப்பும் வசதி) ஆன் செய்யுங்கள். ஷிசுக்குவில் ‘பேரிங்’ தொட்டுவிட்டு, வயர்லெஸ் டிபக்கிங்குக்குள் ‘பேரிங் கோடு’ என்பதைத் திறந்தால் 6 இலக்க எண் வரும். அந்தத் திரையை மூடாமல், மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து ஷிசுக்கு அனுப்பிய செய்தியிலேயே எண்ணைத் தட்ட வேண்டும். திரையை மூடினால் எண் செல்லாது. பலர் சிக்குவது இங்கேதான். ஷாவ்மியில் எண் தட்டும் இடமே வரவில்லையென்றால் நோட்டிஃபிகேஷன் ஸ்டைலை ‘ஆண்ட்ராய்டு’ என்று மாற்றுங்கள். ஷாவ்மியின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ‘யுஎஸ்பி டிபக்கிங் செக்யூரிட்டி’ என்ற தனிச் சுவிட்சும் ஆனாக இருக்க வேண்டும். ஓப்போ, ஒன்பிளஸில் ‘பெர்மிஷன் மானிட்டரிங்’ அணைந்திருக்க வேண்டும். பிறகு ஷிசுக்குவில் ‘ஸ்டார்ட்’.

கான்ட்டாவைத் திறந்தால் எல்லா ஆப்களும் வரிசையாக வரும். பலவற்றின் பக்கத்தில் ‘ரெக்கமண்டட்’, ‘அட்வான்ஸ்டு’, ‘எக்ஸ்பர்ட்’, ‘அன்சேஃப்’ என்று குறிப்பு இருக்கும். ரெக்கமண்டட் என்றால் நீக்குவதால் பெரிய பாதிப்பு இல்லை. எக்ஸ்பர்ட், அன்சேஃப் பக்கம் போகவே வேண்டாம். நூறு ஆப் நீக்கினேன் என்று பெருமை பேசுவதில் பயனில்லை. ஆப் இறக்கும் ஆப்கள், விளம்பர சேவைகள், லாக் ஸ்கிரீன் படக்காட்சி, கம்பெனியின் சொந்த பிரவுசர் எனப் பத்துப் பன்னிரண்டு போனாலே போன் அமைதியாகிவிடும். ஒரு தடவைக்கு ஐந்துக்கு மேல் நீக்காதீர்கள். நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, கால், எஸ்எம்எஸ், கேமரா, யுபிஐ நான்கையும் சோதித்துவிட்டு அடுத்த ஐந்து. ரீஸ்டார்ட்டுக்குப் பின் ஷிசுக்கு நின்றிருந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்; புதுக் கோடு தேவைப்படாது.

தொடக்கூடாதவற்றில் முதலிடம் ஷாவ்மியின் ‘ஃபைண்ட் டிவைஸ்’. பார்க்கத் தேவையில்லாத ஆப் போலத் தெரியும். நீக்கினால் அடுத்த ரீஸ்டார்ட்டில் போன் லோகோவிலேயே சுற்றி நிற்கும். ஷாவ்மியின் ‘செக்யூரிட்டி’ ஆப்பும் சில பதிப்புகளில் இதே வேலையைக் காட்டியிருக்கிறது. அப்படி நின்றுவிட்டால், முன்பே டிபக்கிங் அனுமதி கொடுத்த கம்ப்யூட்டர் இருந்தால் ஒருவேளை மீட்கலாம்; இல்லையென்றால் ரிக்கவரி என்ற மீட்பு மெனுவில் போய் ஃபேக்டரி ரீசெட்தான், படங்கள் உட்பட எல்லாம் போகும். அதனால் பேக்கப் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ‘ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ’ பிரவுசர் மாதிரி இருக்கிறதே என்று நீக்கினால் தங்களுக்குள்ளேயே வலைப்பக்கம் திறக்கும் ஆப்கள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும். கீபோர்டு இன்னொரு கண்ணி. தமிழில் தட்ட வேறு கீபோர்டு இருக்கிறதே என்று கம்பெனியுடையதை நீக்குவார்கள். ஆனால் ரீஸ்டார்ட் ஆனபின் முதல் முறை பாஸ்வேர்டு போடும்வரை சில கீபோர்டுகள் மட்டுமே வேலை செய்யும்; நீங்கள் வைத்திருப்பது அதில் இல்லாமல் போகலாம். பின் நம்பர் வைத்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. எழுத்துகளில் பாஸ்வேர்டு வைத்திருப்பவர் வெளியே நிற்பார்.

நீக்கியது தவறு என்று பட்டால் கான்ட்டாவில் ‘அன்இன்ஸ்டால்டு’ பட்டியலுக்குப் போய்த் திரும்ப நிறுவலாம். மூலப் பிரதி சிஸ்டம் பகுதியிலேயே இருப்பதால் இணையம்கூட வேண்டாம். ஆனால் அந்த ஆப்புக்குள் இருந்த தகவல்கள் திரும்பாது. அந்தப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லது. அடுத்த பெரிய அப்டேட்டுக்குப் பின் எது புதிதாக வந்தது, எது திரும்பி வந்தது என்று ஒப்பிட இதுவே போதும். சிஸ்டம் பகுதியை நாம் தொடாததால் அப்டேட்டுகள் வழக்கம்போல வரும். இந்தத் தொல்லைக்குப் பயந்து செக்யூரிட்டி அப்டேட்டைத் தள்ளிப்போடுவது அபத்தம்.

வேலை முடிந்ததும் வயர்லெஸ் டிபக்கிங்கையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸையும் அணைத்துவிடுங்கள். அவை ஆனில் இருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கும். சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கரையும் மறுபடி ஆன் செய்யுங்கள். ஏற்கெனவே நிறுவிய கான்ட்டாவை அது எதுவும் செய்யாது.