"கவலைப்படாதீங்க" என்று சொல்லாமல் இருக்க இரண்டு வருடம்

பி.காம். முடித்து நான்கு வருடம் வங்கி வேலை பார்த்துவிட்டு, 26 வயதில் எம்.எஸ்சி. கவுன்சலிங் சைக்காலஜி சேர்ந்தேன். "ஆறுதலாப் பேசுறதுக்கு ரெண்டு வருஷம் படிக்கணுமா?" என்று அம்மா கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை.

இடம் கிடைப்பதே பெரும்பாடு. பல கல்லூரிகளில் இளநிலையிலேயே உளவியல் படித்திருக்க வேண்டும் என்பார்கள், எந்தப் பட்டம் இருந்தாலும் எடுத்துக்கொள்ளும் இடங்கள் குறைவு, அங்கேயும் நேர்காணல் உண்டு. சேரப்போகிறவர்கள் முதலிலேயே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு கிளினிகல் சைக்காலஜிஸ்ட் (மனநலப் பிரச்சினைகளைக் கண்டறிந்து உளவியல் சிகிச்சை தருபவர்) என்று போட்டுக்கொள்ள முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கும் இனி வேண்டாம். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியில் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது.

முதல் செமஸ்டர் கோட்பாடுகள். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் 1957-இல் எழுதிய கட்டுரையை ராத்திரி உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன், நிபந்தனையற்ற ஏற்பு, பரிவோடு புரிந்துகொள்வது, உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாமல் இருப்பது எல்லாம் தேர்வில் நன்றாகவே எழுத வந்தது. அப்புறம்தான் ரோல் ப்ளே ஆரம்பித்தது.

வகுப்புத் தோழி கிளையன்ட் (ஆலோசனைக்கு வருபவர்), நான் கவுன்சலர், 20 நிமிடம், போனில் பதிவு. அதை ஒரு சொல் விடாமல், "ம்", "அப்புறம்" உட்பட, தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். வகுப்பெடுத்த மேடம் வாசித்துவிட்டு எதுவும் பேசாமல் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். மொத்தம் ஒன்பது வட்டம். ஒன்பதும் "கவலைப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்", இந்த இரண்டில் ஒன்று. "இதைச் சொன்னப்போ அவங்களுக்கு நல்லா இருந்துச்சா, உங்களுக்கு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். அம்மா கேட்ட கேள்விக்கு அன்றைக்குப் பதில் கிடைத்தது. எதிரே இருப்பவர் அழும்போது நமக்குத் தாங்க முடிவதில்லை, அதை நிறுத்தத்தான் ஆறுதல் சொல்கிறோம். அவர் சொல்ல வந்தது பாதியிலேயே நின்றுவிடுகிறது.

மூன்றாவது செமஸ்டரில் இன்டர்ன்ஷிப், ஒரு பள்ளியில். அங்கே அடுத்த சிக்கல் மொழி. நாங்கள் படித்தது முழுக்க ஆங்கிலம். பாடத்தில் படித்த கேள்வியை "அது உன்னை எப்படி உணர வைக்கிறது?" என்று தமிழில் கேட்டால் பிள்ளைகள் முழிக்கிறார்கள், நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதே இல்லையே. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மூன்று தடவை வந்தும் "ஒண்ணுமில்ல மிஸ்" என்பதைத் தாண்டவில்லை. நான்காவது முறை, "அந்த நேரத்துல மனசுக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மேசையில் இருந்த பென்சிலை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். ஏதாவது சொல்லிவிடத் தோன்றியது, சொல்லவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி இருக்கு மிஸ், சோறு இறங்க மாட்டேங்குது" என்றாள். அன்று முதல் ஒரு நோட்டுப் போட்டேன்: மனசு பாரமா இருக்கு, பகீர்னு ஆச்சு, படபடன்னு வருது, வெறுத்துப்போச்சு. எனக்குப் பாடப் புத்தகத்துக்குச் சமமாக உதவியது அந்த நோட்டு.

பள்ளியில் வேலை செய்யப்போகிறவர்கள் ரகசியம் காப்பதைப் பற்றி முதல் நாளே பிள்ளையிடம் பேசிவிடுங்கள். "நீ சொல்றது நமக்குள்ளதான் இருக்கும், ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன்" என்று தெளிவாக. பாலியல் கொடுமை என்று தெரிந்தால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும், கவுன்சலர் என்பதால் விலக்கு கிடையாது. இதைச் சொல்லாமல் தொடங்கிவிட்டு நடுவில் சொன்னால், பிள்ளைக்கு அது துரோகமாகத்தான் தெரியும்.

நான்காவது செமஸ்டர் ஆய்வேடு, எஸ்பிஎஸ்எஸ் (புள்ளிவிவர மென்பொருள்), வைவா (வாய்மொழித் தேர்வு) என்று ஓடிவிட்டது. அதைவிட அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வராமல் போனதுதான் பெரிய விஷயம். மற்றவர்கள் சொன்னதெல்லாம் ராத்திரியில் திரும்பத் திரும்ப வந்தது. மேடம் சொல்லி நானே ஒரு கவுன்சலரிடம் எட்டு வாரம் போனேன். செலவுதான், ஆனால் படிப்போடு சேர்த்து அதற்கும் பணம் எடுத்து வையுங்கள்.

இப்போது ஒரு பள்ளியில் வாரம் மூன்று நாள் வேலை. சம்பளம் வங்கியில் வாங்கியதில் பாதிகூட இல்லை. மாதம் இரண்டு சனிக்கிழமை மேடத்திடம் சூப்பர்விஷனுக்கு (நான் கவுன்சலிங் செய்த விதத்தை அவர் பார்த்துத் திருத்துவது) போகிறேன், அதே மாதிரி எழுதிய தாளோடு. போன முறை அதில் இரண்டு வட்டம் இருந்தது.