இருபது மெகாவாட் மோட்டாரும் ஒரு கழிவறை வால்வும்

'ஒயாசிஸ் ஆஃப் தி சீஸ்' என்ற சொகுசுப் பயணிகள் கப்பலில் சுமார் 2,700 அறைகள். பெரும்பாலானவை கப்பலுக்குள் கட்டப்பட்டவை அல்ல. பின்லாந்தில் துர்கு கப்பல் கட்டும் தளத்துக்குப் பக்கத்து ஊரான பீக்கியோவில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அலமாரி, குளியலறை, விளக்கு எல்லாம் பொருத்தி, அங்கிருந்து பெட்டி பெட்டியாக அறைகள் வந்தன. கப்பலின் பக்கவாட்டில் விட்டுவைத்த திறப்பு வழியாக உள்ளே தள்ளி, தளத்தோடு இறுக்கிவிட்டால் அறை ரெடி.

இதற்குத் தளம் மட்டமாக இருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். உயரத்தில் எடை கூடினால் கப்பலின் நிலைப்பு குறையும் என்பதால், மேல் தளங்களுக்கு மெல்லிய எஃகுத் தகடுதான் போடுவார்கள். வெல்டிங் சூட்டில் அது அப்பளம் மாதிரி நெளியும். நெளிந்த இடத்தில் பெட்டி சாய்ந்து உட்காரும், கதவு சிக்கும், குளியலறைத் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் மூலையில் தேங்கும். லேசர் வெல்டிங்குக்குக் கப்பல் கட்டும் நிறுவனங்கள் நிறையச் செலவழிப்பதற்கு இது முக்கியக் காரணம்: சூடு குறைவு, நெளிவும் குறைவு.

அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு குறுகிய குழாய்ச் சந்து இருக்கும். அதன் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். தண்ணீர்க் குழாய், மின்பெட்டி, கழிவறையின் வேக்குவம் வால்வு எல்லாம் அதற்குள். பயணி தூங்கிக்கொண்டிருந்தாலும் வெளியிலிருந்தே பழுது பார்க்கலாம். முழுக் கப்பலிலும் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இதுதான்.

வேக்குவம் கழிவறைக்கு ஒரு முறைக்குச் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் போதும். மீதி வேலையைக் குழாயின் உறிஞ்சல் செய்துவிடும். ஆனால் யாராவது ஈரத் துடைப்புத் தாளை உள்ளே போட்டு, அது வால்வின் வாயில் சிக்கி, வால்வு முழுதாக மூடாமல் போனால் காற்று ஓயாமல் உள்ளே இழுக்கப்படும். அந்த லைன் முழுக்க உறிஞ்சல் விழுந்துவிடும். புகார் பத்து அறையிலிருந்து வரும். கோளாறு பதினோராவது அறையில் இருக்கும். லைனைப் பகுதி பகுதியாக அடைத்து, எந்தப் பகுதியை அடைத்தால் உறிஞ்சல் மீள்கிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு தொல்லை, சிறுநீர் உப்பு குழாயின் உள்சுவரில் கல்லாகப் படிவது. அவ்வப்போது அமிலக் கரைசல் விட்டுக் கழுவாவிட்டால் குழாயின் வாய் சுருங்கிவிடும்.

கட்டி முடிந்ததும், 2009 அக்டோபர் இறுதியில் கப்பல் பால்டிக் கடலை விட்டு வெளியேறியது. கப்பல் தண்ணீருக்குள் 9.3 மீட்டர் அமிழ்ந்திருக்கும், ஓரெசுண்ட் நீரிணையின் ஆழம் அதற்குப் போதாது. மிஞ்சிய வழி டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலம். அதன் கீழே 65 மீட்டர்தான் இடைவெளி, கப்பலோ நீர்மட்டத்துக்கு மேல் 72 மீட்டர். புகைபோக்கிகளை உள்ளிழுத்துக்கொள்ளும்படி கட்டியிருந்ததால்தான் தப்பியது. ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால் கப்பல் இன்னும் கொஞ்சம் அமிழும் என்பதையும் பயன்படுத்திக்கொண்டார்கள். தலைக்கு மேல் மிஞ்சியது இரண்டடிக்கும் குறைவு.

கப்பலை உந்துவதற்கு அசிபாட் என்ற மின் உந்துகருவிகள் மூன்று, ஒவ்வொன்றும் 20 மெகாவாட். மோட்டார் கப்பலுக்குள் இல்லை. பின்புறம் தண்ணீருக்கடியில் தொங்கும் கூட்டுக்குள் இருக்கிறது. கூடு 360 டிகிரியும் திரும்புவதால் சுக்கான் தேவையில்லை. முன்பக்கம் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் 5.5 மெகாவாட் த்ரஸ்டர்கள் நான்கு. துறையில் பக்கவாட்டாக அணைய இழுவைப்படகு இல்லாமலே முடியும். ஆனால் அசிபாடின் பேரிங்கோ, தண்டைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலோ தேய்ந்தால் பெரும்பாலும் கப்பலையே தண்ணீரிலிருந்து தூக்க வேண்டும். அதனால் எண்ணெய் மாதிரியை ஒழுங்காக எடுத்துச் சோதிப்பார்கள்: தண்ணீர் கலந்திருந்தால் சீல் போகிறது, இரும்புத் துகள் கூடினால் பேரிங் போகிறது.

சட்டப்படியே பயணிகள் கப்பல் ஐந்து வருடத்தில் இரண்டு முறையாவது ட்ரை டாக் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுது பார்க்கும் துறை) ஏறியாக வேண்டும். நீர்மட்டத்தில் 47 மீட்டர் அகலமுள்ள கப்பலை ஏற்றும் டாக் உலகத்தில் கொஞ்சம்தான். 2019 ஏப்ரல் 1 அன்று பஹாமாஸின் ஃப்ரீபோர்ட்டில் ஒயாசிஸ் டாக்கில் இருந்தபோது கிரேன் அதன் மேல் சரிந்து, டாக்கும் சேதமானது. மிச்ச வேலைக்காக அட்லாண்டிக்கைக் கடந்து ஸ்பெயினின் காடிஸ் வரை போக வேண்டியிருந்தது.