2300 பழப்பூச்சிகளும் இரண்டு வண்ணப் பென்சில்களும்

இளநிலை விலங்கியல் இரண்டாம் ஆண்டில் ஒரே ஒரு மரபியல் கணக்கோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். சாம்பல் உடலும் இயல்பான சிறகும் கொண்ட பழப்பூச்சியை, கறுப்பு உடலும் குன்றிய சிறகும் கொண்ட பூச்சியோடு கலக்கிறோம். பிறக்கும் முதல் தலைமுறையைத் தமக்குள் கலந்தால், கறுப்பு உடலும் குன்றிய சிறகும் சேர்ந்து பிறப்பவை எத்தனை சதவீதம்? மறுகூட்டிணைவு, அதாவது மரபணுக்கள் பழைய சேர்க்கை மாறிப் புதிதாகச் சேர்வது, 17 சதவீதம்.

மெண்டல் பழக்கத்தில் கால் பங்கைக் கால் பங்கால் பெருக்கி 6.25 என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் 20.75 என்று இருந்தது. மூன்று மடங்குக்கும் மேலான வித்தியாசம்! இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. பெரும்பாலும் ஒன்றாகவே பிள்ளைக்குப் போகின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பெருக்கியதுதான் பிழை.

அந்த 17 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது மரபியல் அறிஞர் மார்கனின் சோதனைக் கலப்பு எண்கள் கிடைத்தன; முதல் தலைமுறைப் பூச்சியைக் கறுப்பு உடலும் குன்றிய சிறகும் கொண்ட பூச்சியோடு கலப்பதுதான் அது. மொத்தம் 2300 பூச்சிகள். பெற்றோரைப் போலவே இருந்தவை 965, 944. பண்புகள் மாறிச் சேர்ந்தவை 206, 185. பின்னிரண்டையும் கூட்டினால் 391; அதை 2300-ஆல் வகுத்தால் 17 சதவீதம். ஒவ்வொரு பூச்சியையும் உருப்பெருக்கியின் அடியில் வைத்து யாரோ எண்ணியிருக்கிறார்கள் என்று நினைத்தபோது, அந்த எண் மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது.

இங்கே அடுத்த பிழையைச் செய்தேன். 17 என்பது மாறிச் சேர்ந்த இரண்டு வகை இனச்செல்களுக்கும் (விந்து அல்லது முட்டை) பொதுவான மொத்தம். வகைக்கு 8.5 தான். மீதி 83-ஐப் பழைய சேர்க்கைகள் இரண்டும் ஆளுக்கு 41.5 ஆகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதைப் புரிந்துகொள்ளவே ஒரு மாலை போயிற்று. புரிந்ததும் 0.415-ஐ 0.415-ஆல் பெருக்கினேன். 17.2 வந்தது. அதுவும் சரியில்லை.

விடுதியில் மூத்த அக்கா ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு, "இதில் ஆண் எது, பெண் எது என்று எழுதியிருக்கிறாயா?" என்று கேட்டார். பிறகு குரோமோசோம் இணையைக் காட்ட, சிவப்புப் பென்சிலால் ஒரு கோடும், நீலப் பென்சிலால் இணையாக இன்னொரு கோடும் போட்டார். பெண் பூச்சியில் கோடுகளை நடுவே வெட்டி மாற்றி இணைத்தார். ஆணில் அப்படியே விட்டார். இப்படித் துண்டுகள் இடம் மாறும் குறுக்கேற்றம் ஆண் பழப்பூச்சியில் நிகழ்வதில்லை! ஆகவே ஆணின் இனச்செல்களில் சரிபாதி, கறுப்பு உடலுக்கும் குன்றிய சிறகுக்கும் உரிய ஒடுங்கு மரபணுக்கள் (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுபவை) இரண்டையும் சேர்த்தே சுமக்கின்றன. 0.5 × 0.415 = 0.2075. விடை வந்துவிட்டது.

இனிப்புப் பட்டாணியில் நிலைமை வேறு. மரபியலாளர்கள் பேட்சனும் புன்னட்டும் எண்ணிய இரண்டாம் தலைமுறைச் செடிகள் 6952-இல், ஒடுங்கு பண்புகளான சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் கொண்டவை 1338. மெண்டல் கணக்குப்படி ஏறக்குறைய 435 தான் வந்திருக்க வேண்டும். மகரந்தத்திலும் சூலிலும் குறுக்கேற்றம் ஒரே அளவு என்று கொண்டு, 1338-ஐ 6952-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தேன்: 0.4387. இரட்டிப்பாக்கினால் 0.877. மீதி 12 சதவீதம் மறுகூட்டிணைவு. கணக்கைப் பின்னோக்கியும் ஓட்ட முடிந்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டுவிட்டது என்று நம்பினேன்.

அக்கா இன்னொரு கணக்குக் கொடுத்தார். இம்முறை ஒரு பெற்றோரிடம் சாம்பல் உடலும் குன்றிய சிறகும். மற்றதிடம் கறுப்பு உடலும் இயல்பான சிறகும். கேள்வி அதேதான். கோடுகளைப் போட்டேன். முதல் தலைமுறை ஆணின் சிவப்புக் கோட்டில் ஓர் ஒடுங்கு மரபணு, நீலக் கோட்டில் மற்றொன்று. இரண்டும் ஒரே கோட்டுக்கு வர அங்கே வழியே இல்லை. மரபணுக்களுக்கு இடையே தொலைவு எவ்வளவாக இருந்தாலும் இரண்டு ஒடுங்கு பண்புகளும் சேர்ந்த பூச்சி பிறக்காது. சுழியம் என்று எழுதிவிட்டுத் தாளை நீட்டினேன். விடைப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.